ஐந்து மாதத் தங்கையும் ரோமாபுரியும்

ரோமுக்குப் போவது என்று முடிவானதும் நான் முதலில் கவலைப்பட்டது தண்ணீரைப் பற்றித்தான். விமானம் விழுமா, வழி தவறுமா என்பதெல்லாம் அடுத்த வாரக் கவலை. முதல் வாரம் முழுக்க, தாகம் எடுத்தால் அந்த ஊரில் யாரிடம் போய் எந்தப் பாஷையில் தண்ணீர் கேட்பது என்பதே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

என் தங்கை அங்கே இருக்கிறாள். கன்னியர் மடத்தைச் சேர்ந்தவள். வயதானவர்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் வேலை. அவள் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அதற்கு ஒரு பூசை வைக்கிறார்கள். பூசையின்போது கூடப் பிறந்தவரோ பெற்றவரோ ஒருவர் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் சபை வழக்கம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். டிக்கெட்டு, தங்குகிற இடம் எல்லாம் சபை பார்த்துக்கொள்ளும், நீ வந்து நின்றால் போதும் என்று சொல்லிவிட்டாள். நான் போகாவிட்டால் வேறு ஒரு சிஸ்டர் இரக்கப்பட்டு அவள் பக்கத்தில் வந்து நிற்பார். அந்த இரக்கத்தை நினைத்துத்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கச்சிராயபாளையத்தில் மாவுக்கடை. இரண்டு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், வாசலில் ஒரு பெஞ்சு. படிப்பு ஆறாவதோடு சரி. என் வீட்டுக்காரர் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவர். நாங்கள் இருவரும் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி. இப்படிப்பட்ட ஆள் ரோமுக்குத் திட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தைத் தங்கையிடம் கேட்டேன். வெளியில் நான் அவளை சிஸ்டர் என்றுதான் சொல்வேன். போனில் மட்டும் பழையபடி பாப்பா.

"பாப்பா, அங்க தண்ணி பாட்டில் கடையில கெடைக்குமா? கேக்கறதுக்கு இன்னா வார்த்தை?"

"யக்கா, நீ கேக்கவே வேணாம். இங்க தெருவுக்குத் தெரு இரும்புல கொழா நட்டு வெச்சிக்கிறாங்க. ராவும் பகலும் தண்ணி ஊத்திக்கினே கீது. யாரும் மூடறதில்ல. மூடறதுக்குத் திருகே கெடையாது."

"வீணாப் போவாதா?"

"கொழா வாயை வெரலால அடைச்சினா மேல ஒரு ஓட்டை வழியா வாய்க்கு நேரா பீச்சும். குடிச்சிட்டுப் போவ வேண்டியதுதான். எல்லாம் மலையில இருந்து வர்ற தண்ணி. ஒரு ஊத்துக்கு மட்டும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்ன வெட்டின கால்வாயில இருந்துதான் இன்னும் வருதாம்."

கோமுகி அணை எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். நடுவில் மண் சரிந்திருக்கும், கரை உடைந்திருக்கும். இரண்டாயிரம் வருஷமாக ஒரு கால்வாயை யாரோ தூர்வாரி, சரிந்ததைக் கட்டி, அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுச் செத்துப் போயிருக்கிறார்கள் என்றால், அந்த ஜனங்களை நேரில் போய்ப் பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. ரோம் மீது எனக்கு வந்த முதல் பிரியம் தேவாலயத்தால் வரவில்லை. திருகு இல்லாத அந்தக் குழாயால் வந்தது.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அவள் ஓய்வு நேரத்தில் பேசுவாள். இங்கே அரிசி ஊறிக்கொண்டிருக்கும். நான் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அவள் சொல்லச் சொல்ல வரைவேன். நடுவில் பாம்பு மாதிரி ஒரு ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவள் மடம். அந்தப் பக்கம் பெரிய தேவாலயம். தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் எனக்கு ஏறாது. அதனால் அவள் எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லுவாள்.

"எங்க மடத்துல இருந்து பெரிய கோயில், நம்ம பஸ் ஸ்டாப்ல இருந்து டேமு மதகு வரைக்கும்னு வெச்சிக்க."

"அவ்ளோ தூரமா? நடந்தேவா?"

"நடந்தாத்தான் ஊரைப் பாக்க முடியும். ரோடெல்லாம் கருங்கல்லு. சின்னச் சின்னதா வெட்டிப் பதிச்சிக்கிறாங்க. செருப்பு வழுக்கும், ஷூ வாங்கிக்க."

ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஷூ வாங்கினேன். போட்டுப் பழகாவிட்டால் அங்கே போய்க் காலைக் கடிக்கும், கடித்தால் கொப்புளம், கொப்புளத்தோடு பூசையில் எப்படி நிற்பது என்று யோசித்து, தினமும் சாயங்காலம் சேலையோடு ஷூவைப் போட்டுக்கொண்டு அணைக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் மொபெட்டை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு என் பின்னாலேயே வருவார். மயங்கி விழுந்தால் தூக்க வேண்டுமாம்.

கரும்பு வெட்டி முடித்து வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் விடவில்லை.

"இன்னா மாவுக்காரம்மா, போலீசு வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?"

"பின்னாலயே எஸ்கார்ட்டு வேற வருது பாரு."

"ரோமுக்குப் போறாங்களாம்டி. டேமு வழியா ஷார்ட் ரூட்டு போல."

நான் நிற்காமல் நடப்பேன். நின்றால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும். ஆனால் மதகுக்கு வந்து சேர்ந்து கல்வராயன் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தால், இந்நேரம் பெரிய கோயில் வாசல் வந்திருக்கும் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது, இப்போது ஆற்றுப் பாலம், இப்போது மடத்துத் தெரு முனை என்று எண்ணிக்கொண்டே வருவேன். அப்படிப் பத்து நாள் நடந்ததில் பார்க்காத ஊர் கால் வழியாகக் கொஞ்சம் தெரிந்துபோயிற்று.

அவள் சொன்னதில் என்னை ரொம்ப அசத்தியது ஒரு கோயில் கூரைதான். வட்டமான பெரிய கோயில். அதுவும் இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. கவிழ்த்த சட்டி மாதிரி கூரை, நடுவில் தூண் ஒன்றும் இல்லை, உச்சியில் ஒரு பெரிய ஓட்டை.

"ஒடஞ்சி போச்சா?"

"இல்லக்கா, கட்டும்போதே வுட்டுட்டாங்க. வெளிச்சம் வர்றதுக்கு."

"மழை பெஞ்சா?"

"உள்ள பெய்யும். தரையில சின்னச் சின்ன ஓட்டை போட்டுக்கிறாங்க. தண்ணி அப்பிடியே எறங்கிப் போயிடும்."

எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டு மூன்றாவது மழையிலேயே சமையலறையில் ஒழுகியது. மேஸ்திரியைக் கேட்டால் சிமெண்டு சரியில்லை என்றார். இவர்கள் ஓட்டையோடு கட்டி இத்தனை காலம் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. குடை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பக்கத்திலேயே எழுதினேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் விசா மனு போடக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்திருந்தவர் நாற்பது வயசுக்காரர், எல்லாரையும் அக்கா அண்ணன் என்பார், கையும் வாயும் ஒன்றாக ஓடும். மடத்திலிருந்து வந்த அழைப்புக் கடிதம், தங்கையின் பாஸ்போர்ட் நகல், என் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துத் தட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்களும் சிஸ்டரும் ஒரே அம்மாவுக்குத்தான் பொறந்தீங்களா?"

"ஏங்க?"

"நீங்க தை மாசம் பொறந்திருக்கீங்க. சிஸ்டரு அதே வருசம் ஆனி மாசம். நடுவுல அஞ்சே மாசம்."

என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தை, மாசி, பங்குனி என்று வாய்விட்டே எண்ணினார். எண்ணி முடித்து என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அன்றைக்குத்தான் என் குடும்பத்தின் மேல் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் யாரும் பார்த்ததில்லை.

நான் அவளுக்கு இரண்டு வயது மூத்தவள். எனக்குப் பள்ளிக்கூட வயசு வந்தபோது அப்பாவும் அம்மாவும் களையெடுக்கப் போய்விடுவார்கள், மூன்று வயசுப் பிள்ளையாய் இருந்தவளை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வளர்ந்த பிறகு எங்கள் இருவரையும் ஒரே நாளில் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார் அப்பா. பிறந்த தேதிச் சீட்டு எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. ஹெட்மாஸ்டர் வரிசையாக நிற்கவைத்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தாராளமாய் எட்டியது. அவள் தலையைச் சாய்த்து எக்கித் தொட்டாள். அவர் பேனாவுக்கு என்ன வந்ததோ, பிள்ளைக்கொரு மாசமாகப் போட்டுக்கொண்டே போனார். எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். என்னிடம் தையில் ஆரம்பித்தவர் அவளிடம் வருவதற்குள் ஆனிக்கு வந்துவிட்டார். அப்பா கைநாட்டு வைத்தார். அவ்வளவுதான். ஆறாவதோடு நான் கரும்புக்காட்டு வேலைக்குப் போனேன், அவள் மேலே படித்தாள். அந்தத் தேதி டி.சி.யில் ஏறி, ரேஷன் கார்டில் ஏறி, பாஸ்போர்ட் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஹெட்மாஸ்டர் கொடுத்த நாளில் பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் ரோமுக்குப் போகவில்லை.

பிரவுசிங் சென்டர்காரர் நல்ல மனுஷர். வழியும் அவரே சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. மடத்துல சொல்லி லெட்டரை மாத்தி வாங்குங்க. கூடப் பொறந்த அக்கான்னு இருக்கறத எடுத்துட்டு, பெரியப்பா பொண்ணுன்னு போடச் சொல்லுங்க. ஒரே வார்த்தை. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது."

"உண்மையச் சொன்னா?"

"சொன்னா பாஸ்போர்ட்டுல இருக்கறது பொய்னு ஆவும். அப்பால அது எங்க போய் நிக்குமோ. உங்க இஷ்டம்."

அன்றைக்கு மனு போடாமல் திரும்பிவிட்டோம். பஸ்ஸில் நான் ஜெயில் வரைக்கும் போய் வந்தேன். என் தேதி பொய் என்றால் என்னைப் பிடிப்பார்கள், சரி. ஆனால் அவள் தேதியும் அதே ஹெட்மாஸ்டர் தேதிதானே. இத்தனை வருஷம் வெளிநாட்டில் குடியிருக்கிற அனுமதி எல்லாம் அந்தத் தேதியின் பேரில்தான் வாங்கியிருப்பாள். மெழுகுவர்த்தி பிடிக்கப் போகிறேன் என்று போய் அவளை அந்த ஊரைவிட்டே கிளப்பிவிடுவேனோ.

"பெரியப்பா பொண்ணுன்னு போட்டுட்டுப் போயேன்," என்றார் என் வீட்டுக்காரர். "அங்க போயி நின்னா நீ யாருன்னு அவளுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் அந்த வார்த்தையை எழுதிப் பார்த்தேன். பெரியப்பா மகள். எங்கள் அப்பாவுக்கு அண்ணனே கிடையாது.

ஒரு வாரம் தங்கையிடம் சொல்லவில்லை. நடையும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச்சாமியாரைப் பார்த்தேன். நாங்கள் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றதைப் பதிந்த புத்தகம் கோயிலில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தில் நான். இரண்டு வருஷம் தள்ளி இன்னொரு பக்கத்தில் அவள். அப்பா பேர், அம்மா பேர் இரண்டிலும் ஒன்று. சாமியார் விரலை வைத்துக் காட்டினார்.

"ஹெட்மாஸ்டரு உன்னைக் கொறஞ்சது ரெண்டு வயசு சின்னவளாக்கிட்டாரு. பொம்பளைங்க இதுக்குச் சந்தோஷம்தான் படுவாங்க."

"ஃபாதர், இதக் காட்டினா பாஸ்போர்ட்டு பொய்னு ஆயிடும்."

"காட்டலன்னா நீ அவளுக்கு அக்கா இல்லன்னு ஆயிடும். எதுன்னு சொல்லு, அதுக்கு ஏத்த மாதிரி சர்டிபிகேட்டு எழுதறேன். எனக்குக் கை வலிக்கும், ரெண்டு தடவை எழுத மாட்டேன்."

அன்று மத்தியானம் தங்கை பேசியபோது என்னால் மறைக்க முடியவில்லை. மறைத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

"இன்னா யக்கா, ஒரு வாரமா கொரலே சரியில்ல. ஷூ கடிச்சிடுச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்மாஸ்டர், ஐந்து மாசம், பெரியப்பா பொண்ணு, அவளுடைய அனுமதிச் சீட்டு. அவள் குறுக்கே பேசவில்லை.

"பாப்பா, லைன்ல கீறியா?"

"கீறேன். அந்த லெட்டரை எழுதச் சொல்லி எங்க மடத்து மதர்கிட்ட போயி நான் இன்னான்னு கேப்பேன்? நீ எங்கப்பாவோட அண்ணன் பொண்ணுன்னா, என்னை இடுப்புல தூக்கிக்கினு சுத்தினது யாரு?"

"அதில்ல பாப்பா, உன் பேப்பரு..."

"என் பேப்பருக்கு நான் இங்க பேசிக்கிறேன். நாளைக்கே மதர்கிட்ட சொல்றேன். இந்த ஊருக்கு வந்தப்ப பாஷை தெரியாம ரொட்டிக் கடையில அழுதிருக்கேன். இப்போ ஆபீஸ்ல எதுத்துப் பேசற அளவுக்குப் பேசுவேன். நீ உண்மைய எழுது. நடந்தது நடந்த மாதிரி எழுது."

அவளை நினைத்து நான் பெருமைப்படுவது புதிது இல்லை. எக்கிக் காதைத் தொட்ட அந்தப் பெண்தான் இன்றைக்கு வேற்று பாஷையில் வயதானவர்களைச் சிரிக்கவைத்துச் சோறூட்டுகிறாள், டிராம் மாறிப் போகிறாள், அதிகாரிகளிடம் வாதாடுகிறாள். ஆனால் அன்றைக்கு அவள் பேசியது வேறு மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கட்டின தன் இருப்பை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் என்னை வைத்துப் பார்க்கக்கூட அவள் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தத் துணிச்சலில் கால்வாசி இருந்தால் போதும்.

கடிதத்தை நானே தமிழில் எழுதினேன். நாலு நாள் ஆயிற்று. கை மேலே போனதையும், காதைத் தொட்டதையும், நடுவில் நின்ற நாலு பிள்ளைகளையும் எழுதினேன். பெரியப்பா மகள் என்று போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னதையும் ஒளிக்காமல் எழுதினேன். சாமியார் படித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். "பாவமெல்லாம் சொல்றதுக்கு இது பாவசங்கீர்த்தனம் இல்லம்மா, விசா," என்றார். மீதியை அவரே இங்கிலீஷில் டைப் பண்ணி, ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டையும் பின் போட்டுக் கொடுத்தார்.

மனு போட்டு இரண்டு வாரத்தில் விசா ஆபீசிலிருந்து நேரில் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சென்னைக்கு விடியற்காலை பஸ். என் வீட்டுக்காரரை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அம்மா ஒருவர், என் வயசு இருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் தமிழ் சொல்லுவதற்கு ஒரு பெண். என் கடிதம் அந்த அம்மாவின் முன்னால் இருந்தது. சில இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்தக் கோடுகள் எல்லாம் தப்புக்குப் போட்டவை என்றே நினைத்துக்கொண்டேன்.

"உங்க கடிதத்துல கை, காதுன்னு எழுதி இருக்கீங்களே, அது அவங்களுக்குப் புரியலையாம்," என்றாள் அந்தப் பெண்.

வாயால் சொன்னால் புரியாது என்று தோன்றியது. அதனால் செய்து காட்டினேன். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைப் பிடித்தேன். "எட்டினா அஞ்சு வயசு. எட்டலன்னா அடுத்த வருசம் வா."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு தலைமேல் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தன் கையைத் தூக்கித் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதைத் தொட்டார். தமிழ்ப் பெண்ணையும் தொடச் சொன்னார். அவளும் தொட்டாள். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் தேதி கொடுத்தாங்களாம்," என்று அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். மூன்று பேரும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் பயம் பாதி இறங்கிவிட்டது.

எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மெழுகுவர்த்தியைச் சொன்னேன். அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். இதற்கு மட்டும் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திருகு இல்லாத குழாய், இரண்டாயிரம் வருஷத்துக் கால்வாய், ஓட்டைக் கூரை, உள்ளே பெய்கிற மழை, தரையில் தண்ணீர் இறங்கும் துளை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். தமிழ்ப் பெண்ணால் என் வேகத்துக்கு மொழிபெயர்த்து ஓட முடியவில்லை. "அதைக் கட்டினவங்க பேரனுங்க யாராச்சும் இருந்தா, எங்க வூட்டுத் தளத்தைப் பாக்கச் சொல்லணும்," என்று வாய் தவறி வந்துவிட்டது. அதையும் அவள் மொழிபெயர்த்துவிட்டாள். அந்த அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

சிரித்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று திரும்பி வரும் வழி முழுக்க என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவர் தூங்குகிற மாதிரி நடித்தார்.

பாஸ்போர்ட் கூரியரில் வந்த அன்று எனக்கு இரண்டு கையும் மாவு. அவர் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்து பேப்பர் படிக்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மனுஷன் வேகமாகத் திருப்பினால் என்ன. பெஞ்சில் பாத்திரத்தோடு காத்திருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஒட்டிக்கிறாங்க," என்றார்.

"இன்னா ஒட்டிக்கிறாங்க? இல்லன்னு எழுதி ஒட்டினாங்களா?"

"உன் போட்டோ போட்டு ஒட்டிக்கிறாங்க மே. இல்லங்கறதுக்கு யாராச்சும் போட்டோ போடுவாங்களா?"

பிறந்த தேதி எது போட்டிருக்கிறது என்று கேட்டேன். அதே தை மாசம்தான் என்றார். தங்கைக்கும் அங்கே ஒரு தொந்தரவும் வரவில்லை. மதர் கொண்டுபோய்க் கொடுத்த சான்றிதழை வாங்கி அவள் கோப்பில் வைத்துக்கொண்டார்கள் என்று போன வாரமே சொல்லியிருந்தாள். அந்த ஊர்க்காரர்கள் பழையதைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தவர்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

கையைக் கழுவிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். அங்கே காலை வேளை. பின்னால் தட்டு, ஸ்பூன் சத்தம். விசா வந்துவிட்டது என்றேன். சத்தம் எல்லாம் தூரமாகப் போயிற்று. எங்கோ வெளியில் வந்து நின்றுகொண்டாள் போல.

"யக்கா."

"சொல்லு பாப்பா."

"ஏர்ப்போர்ட்டுல நான் எந்தக் கதவாண்ட நிக்கட்டும்?"

"நீதானே அந்த ஊர்க்காரி. என்னைக் கேட்டா?"

"இல்லக்கா, வெளியில வர்றதுக்கு ரெண்டு கதவு கீது. நான் ஒண்ணுல நிக்கச்சே நீ இன்னொண்ணுல வந்துட்டினா? கூட்டம் ஜாஸ்தியா இருந்து என்னை நீ பாக்கலன்னா? யாரு வூட்டு ஆளும் எனக்குன்னு இங்க எறங்கினதே இல்ல. பக்கத்துல சிஸ்டருங்களுக்கெல்லாம் வந்திருக்காங்க, நான் கூடப் போயி நின்னிருக்கேன். எனக்குன்னு நின்னதில்ல. எப்பிடி நிக்கறதுன்னே தெரியல."

அவள் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நான் கேட்டதே இல்லை. இத்தனை மாசமாக எனக்கு வழி சொன்னவள், எனக்குத் தைரியம் சொன்னவள். அவளுக்கும் மண்டையில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாப்பா, நான் சொல்றதக் கேளு. நீ எந்தக் கதவுலனா நில்லு. நான் வெளியில வந்து கால் வெச்ச எடத்துலயே நிப்பேன். யாரு கூப்பிட்டாலும் நவுர மாட்டேன். நீ ரெண்டு கதவையும் பாத்துட்டு மெதுவா வா. எவ்ளோ நேரம் ஆனாலும் அங்கயேதான் இருப்பேன்."

"நவுர மாட்டியே?"

"மாட்டேன்."

"சரிக்கா," என்றாள். வேலை இருக்கிறது, வைக்கட்டுமா என்று கேட்டாள். வை என்றேன். அவள் வைக்கவில்லை.